ஒளுவுக்கு மேல் ஒரு பூச்சு

பிற்பகல் அஸர் தொழுது ஸலாம் கொடுத்து முடித்ததும் ரொக்கையா தொழுகைப் பாயை மடிக்கவில்லை, அப்படியே நகர்ந்து பால்கனிக் கதவோரம், வெயில் சாய்ந்து விழுகிற இடத்தில், சம்மணம் போட்டு அழுத்தமாக உட்கார்ந்துகொண்டாள். ஒளு இருக்கிறது. தொழுகைக்கென்று கையும் வாயும் முகமும் காலும் முறைப்படி கழுவி, நகக்கண் இடுக்கெல்லாம் தண்ணீர் போய்ச் சேர்ந்த ஒளு. அதைச் சூரியன் மறைந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்கிறவரை முறியாமல் காப்பாற்றிவிட்டால் போதும். நகத்தில் பாலிஷ் பூசிவிட்டு அதன் மேல் ஒளு செய்தால் கூடாது, தண்ணீர் நகத்தைத் தொடாது, அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒளு செய்துவிட்டுப் பூசினால்? செய்த ஒளு எங்கே போய்விடும்? உள்ளேதானே இருக்கிறது, பெட்டியில் வைத்த துணி மாதிரி. எட்டாவது வரை படித்த மூளைக்கே இது எட்டுகிறது. அவள் மடியிலிருந்த செருப்புப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே சின்னச் சின்னக் குப்பிகள், இளைய மகள் ஷிஃபானா தன் கையாலேயே கலந்தவை. கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை, அது போக மீதி நேரமெல்லாம் அறையில் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு இதே வேலைதான். ஒவ்வொரு குப்பியிலும் அவள் கோணல் எழுத்தில் ஒரு பெயர். ஈரச் சிப்பி. மழைக்கு முந்தி. கோபக்காரி. இதென்ன பெயர், கோபக்காரி? ரொக்கையா அதைத் தனியே எடுத்து வைத்தாள். முதலில் கறுப்பு பூச வேண்டுமாம். முன்னே ஒருநாள் மகள் போனில் பேசி அனுப்பிய குரலை இன்றைக்கு மத்தியானத்திலிருந்து திரும்பத் திரும்பக் கேட்டாகிவிட்டது. "உம்மா, மொதல்ல கறுப்பு ஒரு பூச்சு. பயப்படாதிய. கறுப்பு அடியில இருந்தாத்தான் மேல உள்ளது வெளையாடும்." பயப்படாதியவாம். கறுப்பு நகத்தோடு யாராவது பார்த்தால் கதவில் விரலை நசுக்கிக்கொண்டாள் என்று நினைப்பார்கள். நினைக்கட்டும். பிஸ்மில்லா சொல்லிவிட்டு, சொல்லலாமா கூடாதா என்று ஒரு நொடி தடுமாறி, சொன்னது சொன்னதுதான் என்று இடது கட்டைவிரலில் கறுப்பை வைத்தாள்.

வாசனை குப்பென்று ஏறியது. இந்த வாசனைதான் போன வியாழக்கிழமை கூடத்தில் இருந்தது, அவளுக்கு அப்போது தெரியவில்லை. வியாழன் தோறும் இந்த மண்ணடி மாடி வீட்டில் தெருப் பெண்கள் கூடுவார்கள். மஃரிபைச் சேர்ந்து தொழுது, யாசீன் ஓதி, தேநீர் குடித்துப் போவார்கள். வரிசையின் நடுவில் நின்று தொழவைப்பவள் ரொக்கையா. இன்றைக்கும் வியாழன்தான். போன வாரம் அவள் தொழுகையைத் தொடங்கித் தக்பீர் கட்டியாகிவிட்டது. கை நெஞ்சுக்குக் கீழே கட்டியிருக்கிறது, வாய் ஓதிக்கொண்டிருக்கிறது, லீவுக்கு வந்திருந்த ஷிஃபானா தாமதமாக ஓடிவந்து பின் வரிசையில் நிற்கிற காலடி கேட்கிறது, அல்ஹம்து, பிள்ளை வந்துவிட்டாள் என்று மனசு ஒரு பக்கம் குளிர்கிறது. அதற்குப் பின்னால் ஜைனம்பு மைனியின் குரல். மைனி, ரொக்கையாவின் வீட்டுக்காரருக்கு அக்கா, முழங்கால் வலியோடு மாடியேறி எப்போதும் கடைசியில்தான் வருவார். "இது என்னா நகத்துல? இதோட முசல்லாப் பாயில ஏறலாமா? எறங்கு புள்ள. வரிசையக் கெடுக்காத." ஷிஃபானா என்னவோ சொன்னாள், சின்னக் குரலில். மைனி விடவில்லை. "எந்நேரமும் பூசிக்கிட்டுத் திரியுற, ஒனக்கு மாசத்துல தொழுவாத நாளு எத்தன நாளுடி?" யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். தொழுகைக்குள் நிற்கிறவள் திரும்பக் கூடாது, பேசக் கூடாது. ரொக்கையா திரும்பவில்லை. ஓத வேண்டிய அடுத்த ஆயத்து வாயில் வரவேயில்லை. முந்தினதையே மறுபடி ஓதினாள், மறுபடி ஓதினாள், பின்னால் நின்றவர்கள் அவளுக்கு மறந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். குனிந்து, நிமிர்ந்து, சுஜூதில் நெற்றியை வைத்தபோது பாயில் சொட்டியது கண்ணீரா வியர்வையா என்று அவளுக்கே தெரியாது. ஸலாம் கொடுத்துத் திரும்பினால் பின் வரிசையில் ஒரு ஆள் இடம் காலி. மைனி அந்த இடத்தை விட்டுத் தள்ளித்தான் நின்றிருந்தார், தீட்டுப் பட்ட மாதிரி. மகள் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். இந்தப் பெட்டியை மறந்தாளா, விட்டுப்போனாளா? ராத்திரி போனில் ஒரே வார்த்தைதான். "நான் ஒளு செஞ்சிட்டுத்தான் உம்மா பூசுனேன். யாருமே கேக்கல. இனிமே நான் எந்த வரிசையிலயும் வந்து நிக்க மாட்டேன்." எந்த வரிசையிலும். அந்த வார்த்தைதான் இன்றுவரை தொண்டையில் மீன் முள்ளாக நிற்கிறது. உங்கள் வீட்டு வரிசை என்று சொல்லியிருந்தால் கூடத் தாங்கியிருக்கலாம். எந்த வரிசையிலும் என்றால்? தனியாகவாவது தொழுகிறாளா? கேட்கப் பயமாக இருக்கிறது. கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால்? தொழுகையைக் காப்பாற்றுகிறேன் என்று ஒரு பெண் வாயைத் திறந்து, தொழுகிற பிள்ளையைத் தொழுகையை விட்டே விரட்டிவிட்டால், அந்தக் கணக்கை யார் கேட்பது?

கறுப்பு பூசிய விரல்கள் அசிங்கமாகத்தான் இருந்தன. நகத்தில் பூசியதைவிடத் தோலில் ஒட்டியது அதிகம். அவளுடைய நகங்கள் அழகானவை அல்ல. மஞ்சள் ஏறி, மீன் செதில் சுரண்டிச் சுரண்டி ஓரம் தேய்ந்து, நீளவாக்கில் கோடு விழுந்தவை. மருதாணி மட்டும்தான் இவற்றுக்கு வாய்த்தது. மருதாணிக்கு மட்டும் எல்லாரும் சலுகை தருவார்கள், அது சாயம், தண்ணீரைத் தடுக்காது என்று. ஆனால் கல்யாணமாகிக் கீழக்கரையில் மாமியார் வீட்டுக்குப் போன புதிதில் அவளும் கியூடெக்ஸ் பூசியிருக்கிறாள். ரத்தச் சிவப்பு. பெண்களுக்கு மாதவிலக்காகித் தொழுகை இல்லாத நாட்களில் மட்டும்தான் பூசலாம், குளித்து முழுகும்போது சுரண்டிவிட வேண்டும், அதுதான் வழக்கம். ஒருமுறை ஆசையாகப் பூசிக்கொண்டு சாப்பாடு பரிமாற வந்தாள். மாமனார் தட்டில் சோறு வைக்கும்போது அவர் பார்வை விரலில் விழுந்து சட்டென்று சுவருக்குப் போனது. கொழுந்தன் பார்வையும் போனது, மாமியார் பார்வையும் போனது, பக்கத்து வீட்டு லாத்தா வந்தவள் வாய்விட்டே சொன்னாள்: "இந்த மாசமும் உண்டாவலியா புள்ள?" அப்போதுதான் அவளுக்கு விளங்கியது, தன் வயிற்றுக்குள் நடக்கிறதைத் தன் நகம் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கே அம்மியோரம் உட்கார்ந்து சுரண்டினாள், சிவப்புச் சிவப்பாக உதிர்ந்தது. அதற்குப் பிறகு பூசவே இல்லை. இப்போது அந்த நாட்களே நின்றுபோய் வருடங்களாகிவிட்டன. இனி அவளுக்குத் தொழுகை இல்லாத நாள் என்று ஒன்று கிடையாது, மௌத்தாகிற வரை எல்லா நாளும் தொழுகை நாள்தான். அப்படியானால் சிவப்புக்கும் பச்சைக்கும் இனி நாளே இல்லையா? அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவே இருக்கிறதே இந்தக் கொஞ்ச நேரம், இது யாருடையது?

கறுப்பு காய்ந்தது. 'ஈரச் சிப்பி'யைத் திறந்து ஒரு விரலில் மட்டும் இழுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை, அழுக்குப் பச்சை. சரி, பிள்ளைக்கு இந்த வேலை வராது, பாவம், என்று நினைத்துக்கொண்டே கையைத் தூக்கியவள் மூச்சை நிறுத்தினாள். பச்சை நீலமாகி, நீலம் ஊதாவாகி, விரலைக் கொஞ்சம் மடக்கினால் ஓரத்தில் செம்பு எரிந்தது. நிமிர்த்தினால் மறுபடி பச்சை. பால்கனிக் கம்பியில் புறா ஒன்று வந்து உட்கார்ந்து கழுத்தைத் திருப்பியது. அதே நிறம், அதே ஓட்டம். புறாவை விரட்டத்தான் வீட்டுக்காரர் பழைய சிடி ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார், புறா அதைச் சட்டை செய்வதே இல்லை. சிடி காற்றில் சுற்றி, வானவில் துண்டு ஒன்றைச் சுவரில் எறிந்துவிட்டுப் போனது. அடுத்த விரலில் வைத்த 'மழைக்கு முந்தி' அந்த ஜாதி. வெள்ளிப் பூச்சுதான், ஆனால் வெயிலில் காட்டினால் ஏழு நிறமும் நகத்துக்குள் இழை இழையாக ஓடுகிறது, நிழலில் கொண்டுபோனால் ஒன்றும் தெரியாத சாதுவாக மாறிவிடுகிறது. இது நான், என்று நினைத்தாள். நினைத்ததும் வெட்கமாக இருந்தது. ரெண்டு பேத்திகளின் வாப்பும்மா, வியாழக்கிழமை தொழவைக்கிறவள், நகத்தைப் பார்த்து இது நான் என்கிறாள். ஜைனம்பு மைனி காதில் விழுந்தால் போதும். விழட்டுமே. வயிறு லேசாகக் குமுறியது. யா அல்லா, இப்போது வேண்டாம். காற்றுப் பிரிந்தால் ஒளு போய்விடும். இதற்காகவே மத்தியானம் சுண்டலைத் தொடாமல் வெறும் ரசம் விட்டுச் சாப்பிட்டாள். முருங்கைக்காய் கூட வேண்டாம் என்றாள், அவர் ஏற இறங்கப் பார்த்தார். தூக்கமும் வரக் கூடாது. உட்கார்ந்த இடம் அசையாமல் தரையில் பதிந்து கண் அயர்ந்தால் முறியாது என்பார்கள், ஆனாலும் எதற்கு வம்பு. அவள் கண்ணை விரித்து வைத்துக்கொண்டு நடுவிரலில் 'கோபக்காரி'யை வைத்தாள். நிழலில் குங்குமப்பூப் பால், வெயிலில் நெருப்புத் தணல். கீழே லாரி ஒன்று துறைமுகத்துக்குப் போகிற அவசரத்தில் ஹாரனைப் பிடித்துத் தொங்கியது. பயம் அப்போதுதான் வந்தது, எங்கேயோ போய்விட்டு வீட்டுக்குத் திரும்புகிற ஆள் மாதிரி சாவகாசமாக. இந்தக் கையோடு வரிசை நடுவில் நின்றால் மைனி எல்லார் முன்னாலும், எறங்கு என்று அவளையும் சொல்வார். உன் பின்னால் தொழுதால் எங்கள் தொழுகை கூடாது என்று நாலு பேர் துப்பட்டியைச் சுற்றிக்கொண்டு படியிறங்குவார்கள். அடுத்த வியாழக்கிழமை வேறு வீட்டில் கூடுவார்கள். கூடட்டும். ஆனால் இந்த வியாழக்கிழமைகள் இல்லாமல் இந்த வீட்டில் அவளுக்கு என்ன இருக்கிறது? பால்காரன், பிரஷர் மாத்திரை, பேத்திகள் போனில் காட்டுகிற முகம். இருந்தாலும் நிற்க வேண்டும். எறங்கு என்று சொல்லட்டும், பார்க்கலாம். அன்றைக்குப் பிள்ளை தனியாக நின்றாள்.

இடது கையின் கடைசி விரலுக்கு வந்தபோது வீட்டுக்காரர் உள்ளே வந்தார். ரத்தினக் கல் வியாபாரி. கடையை மகன் கையில் கொடுத்துவிட்டாலும் சட்டைப் பையில் இன்னும் நாலு பொட்டலம் கல்லும் கண்ணில் வைத்துப் பார்க்கிற லென்ஸும் இல்லாமல் வெளியே போகமாட்டார். ஊரில் எல்லாரையும் போல அவள் அவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவாள். "ரொக்கையா, மாத்திரை எங்க வச்ச?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர் நின்றார். வெயில் அவள் விரல்களில் பட்டுச் சிதறிக்கொண்டிருந்தது. திட்டுவார் என்று அவள் தோளைக் குறுக்கிக்கொண்டாள். அவர் திட்டவில்லை. அவர் முகம் மாறியது, யாரோ முன்பின் தெரியாத கல்லைப் பொட்டலத்திலிருந்து உருட்டிவிட்ட மாதிரி. "இது என்னா, ரெண்டு நெறம் காட்டுது? வெளிச்சத்துக்குக் கொண்டா" என்றபடியே குனிந்து அவள் விரலைப் பிடித்து வெயிலுக்குத் திருப்பினார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக, கல்லைப் பிடிக்கிற பிடி. "அடியில கறுப்பு வச்சிருக்கியா? ஒப்பல் கல்லுக்கு நாங்களும் அப்புடித்தான் ஒட்டுவோம். அட, நல்லா ஓடுதே. யாரு செஞ்சது, நம்ம புள்ளையா?" "மச்சான்!" என்றாள் அவள். அவர் தணலைத் தொட்ட மாதிரி கையை விட்டார். "ஒளுவோடயா இருந்த?" அவர்கள் வழக்கத்தில் வீட்டுக்காரன் கை பட்டாலும் ஒளு முறிந்துவிடும். கல்யாணமான நாளிலிருந்து பகலில் அவர்கள் அப்படித்தான் நடந்திருக்கிறார்கள், ஒரே வீட்டில் ரெண்டு பேர், தேநீர்க் குவளையைத் தரையில் வைப்பார்கள், மற்றவர் எடுத்துக்கொள்வார். காய்ச்சலா என்று பார்க்கக்கூடத் துண்டை மடித்துத்தான் நெற்றியில் வைப்பார். அத்தனை வருஷம் தவறாத மனுஷன், ரெண்டு நிறம் காட்டியதும் மறந்துவிட்டார். அவளுக்குக் கோபம் பொங்கியது. சுண்டலை விட்டேனே, கண்ணை மூடாமல் இருந்தேனே! கோபத்துக்கு அடியில் வேறு என்னவோ ஓடியது, விரலில் அவர் பிடித்த இடம் இன்னும் சூடாக இருந்தது. "எனக்கு ஞாபகமே இல்ல புள்ள," என்றார் அவர், தப்புச் செய்த பிள்ளை மாதிரி. "அந்த நெறம்... என்னமோ ஆயிப்போச்சு." "போங்க, மாத்திரை பிரிட்ஜு மேல இருக்கு," என்றாள். வெயில் பால்கனிக் கம்பியைத் தாண்டி ஏறிவிட்டது. படியில் செருப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

மறுபடி ஒளு செய்வதற்காக, துடைக்கிற தண்ணியைப் பஞ்சில் ஊற்றி நகத்தைத் தேய்த்தாள். நிறம் முதலில் போனது, கறுப்பு போகமாட்டேன் என்றது. சரி, அல்லாவே வேண்டாம் என்று சொல்லிவிட்டான், அவர் கையைக் கொண்டே சொல்லிவிட்டான், என்று ஒரு நினைப்பு வந்து குந்திக்கொண்டது. எவ்வளவு சுகமான நினைப்பு. துடைத்துவிட்டு, சுத்தமான கையோடு போய் நின்றால் யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை, தேநீர் ஆறாது, வியாழக்கிழமை வியாழக்கிழமையாகவே இருக்கும். அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பஞ்சு கறுத்தது. வேண்டாம் என்று சொல்ல நினைத்தால் அவன் குப்பியைக் கொட்டியிருக்கமாட்டானா, கையைப் பிடிக்கவா வைப்பான்? தனக்குச் சௌகரியமானதையெல்லாம் அல்லா சொன்னான் என்று சொல்லிக்கொள்ளலாமா? மைனியும் அதைத்தானே செய்தார். நகக்கண்ணில் ஒட்டிய கடைசிக் கறுப்பை ஊக்கால் கிளறி எடுத்தாள், வலித்தது. குளியலறைக்குப் போனவள் கதவைச் சாத்தவில்லை. பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். குழாயைத் திறந்து, எல்லாரும் பார்க்க, முழங்கை வரை தண்ணீர் ஓடவிட்டாள்.

"என்ன ரொக்கையா, இன்னுமா ஒளு செய்யல?" ஜைனம்பு மைனி முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். இன்றைக்கு முன்னாடியே வந்துவிட்டார். "நாங்க வாரத்துக்குள்ள ஓதிக்கிட்டு இருப்பியே."

"இருந்துச்சு மைனி. ஒங்க தம்பி கையப் புடிச்சு முறிச்சுப்புட்டாரு."

கூடத்தில் சிரிப்பு வெடித்தது. மைனிக்கே உதடு கோணியது. "இந்த வயசுல அவனுக்குக் கையப் புடிக்கிற வேல வேறயா?"

ரொக்கையா காலைக் கழுவி முடித்தாள். துவாலையில் கையை ஈரம் போகத் துடைத்தாள், விரல் விரலாக. வந்து வரிசையின் நடுவில், தன் பாயில், உட்கார்ந்து செருப்புப் பெட்டியைத் திறந்தாள். கறுப்புக்கு நேரமில்லை. 'மழைக்கு முந்தி'யை எடுத்து மூடியைத் திருகி இடது கட்டைவிரலில் வைத்தாள்.

"என்னடி கூத்து இது? பாங்கு சொல்லப் போறான்." மைனி கிட்டே வந்துவிட்டார்.

"நான் ஒளு செஞ்சதப் பாத்தியள்ல மைனி?"

"பாத்தேன். அதுக்கு?"

"இத வச்சதும் அது முறிஞ்சிடுச்சா?"

மைனி சுற்றிலும் பார்த்தார். பொய் சொல்ல வராத மனுஷி, அதுதான் அவரிடம் ரொக்கையாவுக்குப் பிடித்ததும். "முறியாது," என்றார் கடைசியில். "ஆனா ராத்திரி இஷாத் தொழுகைக்கு என்ன செய்வ? இதோடயேவா அடுத்த ஒளு?"

"தொடச்சிட்டுச் செய்வேன். இப்பத் தொடச்ச மாதிரி. செய்யலன்னா அது எனக்கும் அல்லாவுக்கும் உள்ளது, நீங்க நடுவுல வராதிய." குரல் தன்னுடையதா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. சத்தம் போடவில்லை, சத்தம் போட அவளுக்கு வராது. சுண்டுவிரல் வரை பூசி முடித்தாள். "எம் மவளும் ஒளு செஞ்சிட்டுத்தான் போன வாரம் வந்து நின்னா. சொல்லியிருக்கா, நீங்க காது குடுக்கல. எறக்கி விட்டிய. இப்ப என்னைய எறக்குங்க."

யாரோ ஒருத்தி துப்பட்டியை இழுத்துச் சரிசெய்கிற ஓசை. போகிறாளா, உட்காருகிறாளா? ரொக்கையா திரும்பிப் பார்க்கவில்லை. போனால் போகட்டும். ஒரே ஒருத்தி மிஞ்சினாலும் வரிசைதான், ஒருத்தியும் மிஞ்சாவிட்டால் தனியே தொழுதுவிட்டுப் பிள்ளைக்குப் போன் போட வேண்டும், நான் எறங்கல என்று சொல்ல வேண்டும். மைனி மூச்சு வாங்க அவளுக்கு எதிரே, பாயில் பாதியும் தரையில் பாதியுமாக, மெல்ல உட்கார்ந்தார். சண்டைக்கா, முழங்கால் நிற்கவிடாமலா? ரொக்கையா தூரிகையை இடது கைக்கு மாற்றிப் பார்த்தாள். அது வலது நகத்தில் நிற்காமல் வழுக்கி விரலில் கோடு போட்டது. சின்ன வயசிலிருந்தே இடது கைக்கு எதுவும் படியாது. அவள் தூரிகையைத் தலைகீழாக்கி மைனியின் பக்கம் நீட்டினாள். வலது கையையும் நீட்டி இருவருக்கும் நடுவே வைத்தாள்.

"இந்தக் கைக்கு நீங்க பூசி விடுங்க மைனி."

மைனியின் கண் தூரிகையில் நின்றது. அந்த நேரம் பார்த்துத் தெருமுனைப் பள்ளிவாசலில் ஒலிபெருக்கி கரகரத்துப் பாங்கு எழுந்தது. பாங்கு சொல்லும்போது பேசக் கூடாது, ஒவ்வொரு வார்த்தையையும் வாய்க்குள் திருப்பிச் சொல்ல வேண்டும். கூடத்தில் எல்லா உதடும் அசைந்தன, மைனியின் உதடும் ரொக்கையாவின் உதடும் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தன. மைனியின் கை துப்பட்டிக்குள்ளிருந்து வெளியே வந்தது. வாங்கிக்கொள்ளவா, தட்டிவிடவா என்று தெரியவில்லை. ரொக்கையா கையை எடுக்கவில்லை. விரல்களை இன்னும் கொஞ்சம் விரித்து வைத்தாள்.